தேர்வே இல்லாமல் லண்டனில் நர்ஸ் வேலையா?

"தேர்வு கிடையாது, 5 லட்சம் கட்டினால் லண்டனில் நர்ஸ் வேலை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய்.

பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க அங்குள்ள நர்ஸ் பதிவு அமைப்பான என்எம்சியில் பதிவு செய்வது கட்டாயம். முதலில் ஆங்கிலத் திறனை நிரூபிக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கிலத் தேர்வு என்றால் எழுத்தில் 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 மதிப்பெண் வேண்டும். பிறகு நர்ஸிங் அறிவைச் சோதிக்கும் கணினிவழித் தேர்வு, இதை இந்தியாவிலேயே எழுதலாம். அப்புறம் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு. அது பிரிட்டனில்தான். நோயாளியிடம் விவரம் கேட்பது, நாடி பார்ப்பது, கிருமி படாமல் காயத்துக்குக் கட்டுப் போடுவது என 10 சிறு சோதனைகளில் தேர்வாளர் கண்முன்னே செய்து காட்ட வேண்டும். இதைப் பணம் கட்டித் தாண்ட முடியாது.

பணம் கேட்பதே தவறு. வேலை வாங்கித் தர நர்ஸிடம் ஏஜென்சி கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறை. நகையை அடகு வைக்கும் முன், இந்த நெறிமுறையைப் பின்பற்றும் ஏஜென்சிகள் என்று என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் எனும் பிரிட்டன் அமைப்பு வெளியிடும் பட்டியலில் அந்த ஏஜென்சி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.