வெற்றிடம் இருந்தால் மின்முறிவு வராதா?
நுண்ணலைகளைப் பெருக்கும் கிளைஸ்ட்ரான் போன்ற உயர்திறன் வெற்றிடக் குழாய்களுக்குள் காற்று இல்லாததால் மின்முறிவு (மின்புலத்தைத் தாங்காமல் இடைவெளி வழியே மின்சாரம் பாய்ந்துவிடுவது) நிகழவே வாய்ப்பில்லை என்று பரவிவரும் செய்தி தவறானது. மாணவர்கள் இதை நம்பிவிடக் கூடாது. காற்று மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டில் முறியும், நல்ல வெற்றிடம் அதைவிட அதிகம் தாங்கும் என்பது வரை உண்மைதான். ஆனால் செப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர்முனை இருந்தாலே போதும்: அங்கு மின்புலம் பன்மடங்கு குவிந்து எலக்ட்ரான்களை வெளியே இழுக்க, முனை சூடேறி உலோகம் ஆவியாகி, அந்த ஆவியிலேயே மின்வில் பற்றிக்கொள்கிறது. குழாயின் வெற்றிடத்தைக் காத்தபடி நுண்ணலைகளை வெளியே விடும் பீங்கான் சாளரத்திலோ, மோதும் எலக்ட்ரான் ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்டவற்றை உதிர்ப்பதால், அவை பெருகிச் சாளரத்தைச் சூடாக்கி விரிசல் விடச் செய்யக்கூடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் (இன்றைய SLAC தேசிய முடுக்கி ஆய்வகம்) 65 மெகாவாட் கிளைஸ்ட்ரானில் வெளியீட்டை இரண்டு சாளரங்கள் வழியே பிரித்தனுப்பி, பின்னர் இணைப்பது இந்தச் சுமையைக் குறைக்கத்தான். சாளரத்தின் மீது டைட்டானியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் பூசுவதும் அந்தப் பெருக்கத்தை அடக்கவே.