கென்ட் டெஸ்டில் தேறினால் மட்டும் இடம் கிடைத்துவிடாது

"இங்கிலாந்தில் கென்ட் டெஸ்ட் பாஸானால் எந்த கிராமர் பள்ளியிலும் இடம் நிச்சயம், வீடு எங்கே இருந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படி இல்லை. கென்ட் டெஸ்ட் என்பது கென்ட் பகுதியின் கிராமர் பள்ளிகளில், அதாவது தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகளில், சேர எழுதும் தேர்வு. பாஸ் என்பது விண்ணப்பிக்கத் தகுதி, அவ்வளவுதான். இடத்தைவிட ஆள் அதிகமானால், பல பள்ளிகள் அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தூரம் என்றுதான் பார்க்கும். கூடுதலாக எடுத்த மார்க் அங்கே செல்லாது.

கென்ட்டில் டன்பிரிட்ஜ் ஊரிலுள்ள ஜட் கிராமர் பள்ளி மார்க் வரிசையில் எடுக்கும். ஆனால் அங்கும் பெரும்பாலான இடங்கள் அருகிலுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான். எல்லையே பார்க்காத பள்ளி வேண்டுமென்றால் லண்டன் பார்னெட்டில் குயின் எலிசபெத் இருக்கிறது. அதற்குத் தனித் தேர்வு, கென்ட் டெஸ்ட் உதவாது!

அப்புறம், அக்டோபர் 31க்குள் கொடுக்கும் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் பக்கத்துச் சாதாரணப் பள்ளி ஒன்றையும் கடைசியில் சேருங்கள். உங்கள் விருப்ப வரிசை பள்ளிகளுக்குத் தெரியாது, அதனால் மற்ற பள்ளிகளில் உங்கள் வாய்ப்பு குறையாது.