75 வயதானால் வருமான வரியே கிடையாதா?

“75 வயது தாண்டியவர்கள் இனி வருமான வரி கட்ட வேண்டாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024-லேயே இதை மறுத்துவிட்டது.

2021 பட்ஜெட்டில் வந்தது ஒரு சின்னச் சலுகைதான். வருமானம் பென்ஷனும், அந்தப் பென்ஷன் வரும் அதே வங்கியின் வட்டியும் மட்டும் என்றால், வங்கியில் அதற்கான படிவம் கொடுக்கலாம். வங்கியே கணக்குப் போட்டு வரியைப் பிடித்துக் கட்டிவிடும். ரிட்டர்ன் (வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்யும் வேலைதான் குறையும், வரி குறையாது.

பென்ஷன் ஒரு வங்கியில், டெபாசிட் இன்னொன்றில் என்றாலோ, வீட்டு வாடகை வந்தாலோ இந்தச் சலுகை பொருந்தாது. அப்போது வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. டெபாசிட் வட்டியில் டிடிஎஸ் (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) கூடுதலாகப் பிடித்திருந்தால், ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் வரும். இந்தச் செய்தியை நம்பிச் சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பணமும் போய்விடும். எவ்வளவு பிடித்தார்கள் என்பதை வருமான வரித் துறை இணையதளத்தில் வரிப் பிடித்தம் பற்றிய படிவத்தில் பார்க்கலாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குரூப்பில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.