தாமரையும் அல்லியும் ஒரே குடும்பமா?
"தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம், டிஎன்ஏவே நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். நேர்மாறுங்க. 1993-இல் ஆர்பிசிஎல் என்ற பசுங்கணிக மரபணுவைச் சுமார் 500 வித்துத் தாவரங்களில் ஒப்பிட்டபோதே தாமரை அல்லியைவிட்டு வெகுதூரம் விலகி நின்றது. 1998-இல் வந்த, பூக்கும் தாவரங்களை டிஎன்ஏ உறவுப்படி வகுக்கும் ஏபிஜி வகைப்பாடு, தாமரையைப் புரோட்டியேல்ஸ் என்ற வரிசையில் (குடும்பங்களுக்கு மேலான தொகுதி) சேர்த்தது. இன்று அதற்குக் கிட்டத்துச் சொந்தம் பிளேன் என்ற நிழல்மரமும் மக்கடேமியா என்ற கொட்டை மரமும்தான், நம்பினால் நம்புங்கள்! அல்லியோ பூக்கும் தாவரங்களின் அடிமரத்திலேயே பிரிந்த கிளை. தாமரையைத் தனிக் குடும்பமாக வைப்பது டிஎன்ஏ வருவதற்கு முன்பே இருந்த வழக்கம், மாறியது வரிசை. மகரந்தமும் வேறு, தாமரையுடையதில் மூன்று பிளவுகள். குளத்தங்கரையில் நின்றாலே தெரியும்: அல்லி இலையில் விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு வெட்டு, தாமரை இலை முழு வட்டம், காம்பு நட்டநடுவில். இரண்டையும் ஒரே குடும்பமாகக் காட்டும் பழைய பாடநூல் படத்தை ஆதாரமென்று இனியும் பகிராதீர்கள்.