இன்காக்னிட்டோவில் தேடினால் விமானக் கட்டணம் குறையுமா?

"ஒரே போனில் திரும்பத் திரும்பத் தேடினால், ஐரோப்பாவின் பட்ஜெட் விமானத் தளங்கள் உங்களை அடையாளம் கண்டு விலையை ஏற்றிவிடும். இன்காக்னிட்டோவில் (தேடல் வரலாற்றைச் சேமிக்காத பிரவுசர் முறை) தேடுங்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறான தகவல்.

விலை ஏறுவது உண்மை, காரணம்தான் வேறு. ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்த விலை வந்துவிடும், எந்தப் போனில் தேடினாலும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவு அடுக்கில் இரண்டே இடம் மிச்சமிருந்தால், பல தளங்கள் நால்வருக்குமே கூடுதல் விலையைக் காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பணம் கரையும் இன்னொரு இடம், நகரத்துக்கு வெகு தொலைவில் இருக்கும் விமான நிலையம். 'பாரிஸ் போவே' நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 85 கி.மீ. 'ஃபிராங்ஃபர்ட் ஹான்' ஃபிராங்ஃபர்ட் நகரிலிருந்து சுமார் 120 கி.மீ. பஸ் கட்டணத்தைக் கூட்டாமல் மலிவு என்று முடிவுசெய்யாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி, வரிகள் உள்பட மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். பெரிய கைப்பெட்டி, இருக்கைத் தேர்வு போன்றவை அதில் சேராது.

ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற பட்ஜெட் விமான நிறுவனங்கள் போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாகவே விலை வைக்கின்றன. ஆகவே திரும்பும் டிக்கெட்டை வேறு நிறுவனத்தில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இடையில் விமானம் மாறும் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அந்த டிக்கெட் பணம் உங்கள் நஷ்டம்.