செபுவின் குழந்தைசாமி

"ஃபிலிப்பினோக்களா? ஸ்பெயின்காரன் வாளைக் காட்டி மதம் மாற்றிய கூட்டம்" என்று போன வாரம் நண்பர் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். அதில் பாதி உண்மை. மறுபாதிக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துபாயில் வேலை பார்த்தபோது எனக்குப் பக்கத்து இருக்கை ஃபிலிப்பைன்ஸின் செபு தீவுக்காரப் பெண்மணி. அவருடைய கம்ப்யூட்டர் ஓரத்தில் கிரீடமும் சிவப்பு அங்கியுமாக ஒரு குட்டிக் குழந்தை இயேசு நிற்பார். சாந்தோ நீன்யோ, அதாவது புனிதக் குழந்தை. "இது ஸ்பெயின்காரன் கொண்டுவந்த சாமிதானே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வந்தது அங்கேயிருந்துதான். ஆனா இவர் எங்க ஊர்க்காரர்" என்றார், தலையைத் திருப்பாமலே.

அந்தக் கதையை அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1521 ஏப்ரலில் ஸ்பெயின் கப்பல்களோடு மெகல்லன் செபுவுக்கு வந்து, அரசன் ஹுமாபோனுக்கும் அவன் மனைவிக்கும் ஊராருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வைக்கிறார். ராணிக்குப் பரிசு அந்தக் குழந்தை இயேசு சுரூபம். இரண்டு வாரத்தில் எதிரே மக்தான் தீவில் அங்கத்தைய தலைவன் லாபுலாபுவின் ஆட்கள் மெகல்லனைக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த சில நாளில் ஹுமாபோனே விருந்துக்குக் கூப்பிட்டு மிச்சமிருந்த ஸ்பானியர் பலரைத் தீர்த்துக்கட்டுகிறான். ஞானஸ்நான ஈரம்கூடக் காயவில்லை!

அதோடு 44 வருடம் அங்கே பாதிரியும் இல்லை, பூசையும் இல்லை. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி பீரங்கியோடு வந்து இறங்குகிறார். எரிந்துபோன ஊரில் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் அதே சுரூபம் பத்திரமாக இருக்கிறது. கொடுத்தவர்களை விரட்டிய ஊர், அவர்கள் கொடுத்த சாமியை மட்டும் வைத்துக்கொண்டது. மழை வேண்டி அதைக் கடலில் குளிப்பாட்டினார்கள் என்று செபுக்காரர்கள் சொல்வார்கள். முன்னோர் ஆவிகளை 'அனிட்டோ' என்று வணங்கியவர்கள், இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை மதமாற்றம் என்பதா, தத்தெடுப்பு என்பதா? எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது.

இன்னொன்று. அங்கே காட்டிலும் மலையிலும் வாழும் தெய்வத்துக்குப் பெயர் 'திவாதா'. நம் தேவதைதான். மணிலாவைச் சுற்றி வாழும் தகாலோக் மக்களின் பழைய பெருந்தெய்வம் பத்தாலா. நம் பழைய கல்வெட்டுகளில் வரும் 'படாரர்' பிறந்த அதே வடசொல் குடும்பம். சிலுவை வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தத் தீவுகள் வெளியூர்ச் சாமிகளைப் பார்த்துப் பழகியவை.

எனக்கு மிகவும் பிடித்த ஆள் அபோலினாரியோ தெ லா குரூஸ். எர்மானோ பூலே, அதாவது பூலே சகோதரர் என்பார்கள். லுக்பான் ஊர்க்காரர். துறவு மடத்தில் சேர மணிலாவுக்குப் போனவரை, சுதேசி என்பதால் சேர்க்கவில்லை. சரி, நீங்கள் சேர்க்காவிட்டால் என்ன என்று 1832இல் சூசையப்பர் பெயரில் தானே ஒரு சபை தொடங்கினார். ஸ்பானியருக்கு அதில் இடமில்லை. செபம் செய்யக் கூடிய கூட்டத்தைக் கலகக் கும்பல் என்று சொல்லிப் படையை அனுப்பினார்கள். 1841 நவம்பரில் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைத் துண்டாக்கி, தலையைக் கூண்டில் வைத்து வழியோரம் காட்சிக்கு வைத்தார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் கேட்டது நாட்டை அல்ல, கோயிலுக்குள் ஓர் இடத்தை!

இங்கேதான் ஆட்சி செய்த ஸ்பானியரின் கணக்கு பிசகியது. தவக்காலத்தில் ஊர் ஊராக இயேசுவின் பாடுகளை, 'பஸ்யோன்' என்று தகாலோக் பாட்டாகவே பகலும் இரவும் முறைவைத்துப் பாடுவார்கள். இன்றும் பாடுகிறார்கள், சமையல் ஒருபக்கம் நடக்கும். அடங்கிக் கிட என்று சொல்லத்தான் அந்தக் கதையைக் கொடுத்தார்கள். ஏழைத் தச்சன் மகனை அதிகாரம் கொன்றது என்றல்லவா அதைக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்! 1895 புனித வெள்ளியன்று ஸ்பெயினை எதிர்த்த புரட்சித் தலைவர் பொனிஃபாசியோவும் தோழர்களும் பமித்தினான் குகைக்குப் போய், சுவரில் விடுதலை முழக்கத்தை எழுதினார்கள். அந்த நாள் தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. 1986இல் மணிலா பேராயர் கார்தினால் சின் வானொலியில் அழைத்ததும் மணிலாவின் எட்சா சாலைக்கு வந்து சர்வாதிகாரி மார்கோஸின் டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு மண்டியிட்ட கன்னியாஸ்திரிகளை நினைத்தாலும் எனக்கு லுக்பான் சபைதான் ஞாபகம் வரும்.

இதனால் திருச்சபைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். ஊரின் பூசாரியும் மருத்துவச்சியுமாக இருந்த பாபைலான் பெண்களைச் சூனியக்காரிகள் ஆக்கியதும் அதே திருச்சபைதான். தெற்கே சூலுவிலும் மிண்டனாவோவிலும் முன்பே இஸ்லாமியராக இருந்தவர்களை 'மோரோ' என்று பெயரிட்டு முந்நூறு வருடம் போர் தொடுத்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இன்றுகூட வத்திக்கானை விட்டால் விவாகரத்துச் சட்டம் இல்லாத நாடு ஃபிலிப்பைன்ஸ்தான். முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2024 மே மாதம் கீழவையில் மசோதா நிறைவேறியது, மேலவையைத் தாண்டவில்லை.

என் பக்கத்து இருக்கைக்காரருக்கும் கணவரைப் பிரிந்து வெகுகாலம். காகிதத்தில் இன்னும் திருமதிதான். ஒவ்வொரு ஜனவரியும் அந்தக் குழந்தைசாமியின் சினுலோக் திருவிழாவுக்கு லீவு போட்டுச் செபு போய், இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக வைக்கும் அந்த ஆட்டத்தை ஆடிவிட்டு வருவார். "பிஷப்போடதான் எனக்குச் சண்டை, குழந்தையோட இல்லை" என்பார்.