பி.கே.எஸ்.கே வேறு, யு.கே.கே.எம் வேறு

நேற்று கோயில் மண்டபத்தில் நடந்ததை மலேசியாவில், இங்கே நம் சுங்கை சிப்புட்டில் பலரும் பார்த்தீர்கள். ஆறாம் ஆண்டில் மகள் படிக்கும் ஒரு அக்கா, "ஆஸ்டல் பள்ளி சோதனைக்கு எப்படிப் பதியணும்?" என்று கேட்டார். மைக் பிடித்திருந்தவர், "அதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இல்லம்மா, ஒரே சோதனைதான், அதுவும் நமக்குக் கிடைக்காது" என்றார். அக்கா "சரிங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தச் "சரிங்கய்யா" எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரே சோதனை இல்லை. பி.கே.எஸ்.கே கல்வி அமைச்சு வைக்கும் நுழைவு மதிப்பீடு, எஸ்.பி.பி எனும் அரசு ஆஸ்டல் பள்ளிகள் போன்றவற்றுக்கு. பாடம் மட்டுமல்ல, பிள்ளையின் குணநலனையும் பார்ப்பார்கள். யு.கே.கே.எம் மாரா எனும் அரசு அமைப்பு வைக்கும் நுழைவுச் சோதனை, அது நடத்தும் எம்.ஆர்.எஸ்.எம் ஆஸ்டல் பள்ளிகளுக்கு. விண்ணப்பமும் தனித்தனி. ஒன்றுக்குப் பதிந்தால் மற்றதற்கும் பதிந்ததாக ஆகாது. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், இனி அந்த ரிசல்ட்டைக் காட்டி எங்கும் சேர முடியாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதாதா ஐயா?

"எம்.ஆர்.எஸ்.எம்மில் மலாய்க்காரர் முதலான பூமிபுத்ரா அல்லாத நமக்கெல்லாம் சேர்த்துப் பத்து விழுக்காடுதானே" என்பீர்கள். ஆமாம், குறைவுதான், எனக்கும் கோபம் உண்டு. அதற்காக விண்ணப்பமே போடாமல் இருந்தால் அந்தப் பத்தில் நம் பிள்ளை எப்படி இருக்கும்? "பதின்மூன்று வயதில் ஆஸ்டலா, சாப்பாடு, சாமி கும்பிடுவது எல்லாம் என்ன ஆகும்" என்றும் ஒரு தம்பி கேட்டார். அதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். முதலில் தகவல் அவர்கள் கைக்குப் போகட்டும்.

எங்கப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். நான் யு.பி.எஸ்.ஆர் எழுதிய வருடம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். ஆஸ்டல் பள்ளிக்கு விண்ணப்பப் பாரம் என்று ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பல வருடம் கழித்து, பள்ளியில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது என்றும், "அந்தப் பையன் எங்கே போகப் போறான்" என்று யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, மங்குக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் பெரிய ஆள் ஆகிவிட்டு பேசுவதாகச் சிலர் நினைக்கலாம், நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மைக்கும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அந்த அக்காவின் மகள் கூட்டம் முடியும்வரை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதை மேடையில் இருந்த யாராவது பார்த்தீர்களா?

அக்கா, இதைப் படித்தால் மகளின் பிறப்புப் பத்திரத்தோடு நாளை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. இரண்டு விண்ணப்பமும் எப்போது திறக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம், பதிந்தும் தருகிறேன்.